சம்மதமா என்று கேட்டபோது

தண்டலத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலித் தம்பதிக்கு நான்தான் வீட்டுத் தரகர். இருவருக்கும் கம்பெனி வேலை. ஷிப்ட் ஒத்துவராமல் வாரத்தில் ஒருநாள்தான் சேர்ந்து சாப்பிடுவார்கள். மணிமங்கலத்தில் ஒரு சிறிய வீட்டை விலைக்குப் பிடித்து, வில்லங்கம் பார்த்து, கடனுக்காக வங்கிக்கும் அவர்களோடு அலைந்தேன்.

பத்திரப்பதிவு அன்று, வீட்டின் சொந்தக்காரியான அம்மாவை அவருடைய இரண்டு மகன்களும் கூட்டிவந்தார்கள். சார்பதிவாளர் வழக்கம்போல, “சம்மதத்தோடதான் விக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார். இவனுங்கதான் இட்டாந்தானுங்க. வூட்ட வித்துட்டு நான் எங்க போவேன்?”

பதிவு நின்றுபோனது. வெளியே வந்ததும் பெரிய மகன் என்னிடம், “நீ சொல்லுய்யா, நீ சொன்னா அம்மா கேக்கும்” என்றான். மூன்று மாதமாக அந்த வீட்டுக்குப் போய்வந்தவன் நான். அந்த அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்திருக்கிறேன். அவருக்கு விருப்பமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வீடு வாங்க வந்த பெண்தான் என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டாள். “விடுங்கண்ணே. அவங்கள அழ வச்சிட்டு அந்த வீட்ல எப்படி அடுப்பு பத்த வைக்கது?”

அவள் கணவர் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். இருவரையும் அதில் ஏற்றிவிட்டேன். வேறு வீடு பார்க்கிறேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.