அண்ணி போன் எடுத்த ஒரு மணி நேரம்

என் அண்ணியின் வலது தோள் போன வருடம் போய்விட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம் ஈர பெட்ஷீட்டுகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து, ஒரு நாள் கை தலைக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றுவிட்டது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். அண்ணன் இறந்த பிறகு அந்த வீடே அண்ணியின் கையை நம்பித்தான் இருந்தது. சலவைக்கூடத்தில் கனம் தூக்காத வேலை ஒன்றே ஒன்றுதான். போன் மேசை.

மாடியில் இருக்கிற பதினாறு வார்டுகளும் துணி வேண்டுமென்றால் அந்த மேசைக்குத்தான் கூப்பிடும். நர்சுகள் பேசுவது இங்கிலீஷில். அவர்களும் பல ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அவர்களுக்கும் அது இரவல் பாஷைதான். ஆனாலும் படபடவென்று பொரிந்து தள்ளிவிடுவார்கள். அதே கூடத்தில் வேலை பார்க்கிற நானும் அண்ணியும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்.

மேசையில் இருந்த அம்மாள் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் அண்ணி போய் மேற்பார்வையாளரிடம் அந்த நாற்காலியைக் கேட்டார். அந்த மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து நாங்கள் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட துணி போல அவ்வளவு விறைப்பு. நாங்கள் வைத்த பேர் கஞ்சி.

"ஒரு மாசம் டைம் தரேன்மா," என்றார் கஞ்சி. "அதுக்கப்புறம் ஒரு திங்கட்கிழமை காலைல ஏழுல இருந்து எட்டு வரைக்கும் உக்காருங்க. ஒரு வார்டுகூட குறை சொல்லலைன்னா நாற்காலி உங்களுது. சொல்லிட்டாங்கன்னா, தப்பா நெனைக்காதீங்க, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

திங்கட்கிழமை காலை ஏழு மணி என்பது பதினாறு வார்டும் ஒரே நேரத்தில் துணி மாற்றுகிற நேரம். தெரிந்துதான் சொன்னார்.

இஸ்திரி போடுகிறவர் பத்தாவது வரை படித்தவர். கேட்டாலும் அர்த்தம் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அதனால் அவர் பேர் அகராதி. மேசை அம்மாள் போனில் சொல்வதை அண்ணி காதில் வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கேட்பார்.

"'ஹோல்ட் ஆன்'னா என்னங்க? எதைப் பிடிக்கணும்?"

"ஒண்ணையும் பிடிக்க வேணாம். கொஞ்சம் இருங்கன்னு அர்த்தம்."

"சரி, 'வீ ஹேவ் ரன் அவுட்'?"

"தீர்ந்துபோச்சுன்னு."

"தீர்ந்ததுக்கு எதுக்கு ஓடணும்?"

"இங்கிலீஷ்காரனைப் போய்க் கேளுங்க. நானா கண்டுபிடிச்சேன்?"

தனித்தனியாகப் பார்த்தால் எல்லா வார்த்தையும் சாது. நாலு சேர்ந்துவிட்டால் வேறு மாதிரி ஆகிவிடும், சொத்துப் பிரிக்க உட்கார்ந்த சொந்தக்காரர்கள் போல. ஆகவே அண்ணி வாக்கியம் வாக்கியமாகவே பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் மட்டும் அண்ணியை மடிப்பு வேலையில் விட்டிருந்தார்கள். பெட்ஷீட்டை ஓர் ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அண்ணி பிடிப்பார். முனையோடு முனை சேரும்போது அண்ணி இங்கிலீஷைச் சொல்வார், நான் தமிழைச் சொல்வேன். ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம். ஒரு மாதத்தில் கடவுள் புண்ணியத்தில் நாற்பது வாக்கியம் தேறிவிட்டது. தடங்கல் இல்லாமல், பிரார்த்தனை சொல்வது போல ஓடியது. எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது. போயிருக்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை கஞ்சி மேசைக்கு எதிரே ஒரு தாளோடு உட்கார்ந்தார். துணிக் கணக்கு கேட்டால் சொல்லலாம், போன் பேச்சில் வேறு யாரும் உதவக் கூடாது என்றார். நானும் அகராதியும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஏழு அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் மணி அடித்தது.

அண்ணி எடுத்தார். "ஹலோ? லாண்ட்ரி?" என்று நர்ஸ் கேட்பது எங்களுக்கே கேட்டது. அண்ணியின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. வலது கை ரிசீவரைப் பிடித்திருக்க, இடது கை மட்டும் மேசையில் எதையோ தேடித் துழாவியது. "ஹலோ! ஹலோ!" பிறகு வைத்துவிட்டார்கள்.

கஞ்சி போனில் விழுந்த நம்பரைப் பார்த்துத் தாளில் எழுதினார்: நாலாம் வார்டு.

"போச்சு," என்றார் அகராதி.

"வாயைக் கழுவுங்க. நான் சாமியை வேண்டிக்கிட்டு இருக்கேன்."

வேண்டிக்கொண்டே அந்த இடது கையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாற்பது வாக்கியமும் இரண்டு கையிலும் துணி இருக்கும்போது படித்தவை. அண்ணியின் வாய்க்குத் தெரிந்ததைவிடக் கைகளுக்குத்தான் இங்கிலீஷ் அதிகம் தெரிந்திருந்தது. ஒரு கையில் ரிசீவரைக் கொடுத்து, மறு கையை வெறுமனே வைத்ததும் எல்லாம் உதிர்ந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வேன்? பேசக் கூடாதே.

இரண்டாம் மணி அடித்தது. அண்ணிக்கு அதற்குள் அதுவே பட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினார். போனின் ஒயர் குட்டையானது, வலது பக்கம்தான் எட்டும். ரிசீவரை வலது தோளில் வைத்துக் கன்னத்தால் நெருக்கிப் பிடித்தார். அந்தத் தோளில்! இரண்டு கையாலும் உறையை மடித்தார்.

"குட் மார்னிங். லாண்ட்ரி. ஹவ் மெனி டு யூ நீட்?"

கஞ்சி எட்டிப் பார்த்தார். தலையணை உறை மடிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை அல்லவா?

அப்புறம் மணி ஓயவே இல்லை. மடிப்பார், பேசுவார், உதறுவார், மறுபடி மடிப்பார். ஒரே உறையைத்தான். ஏழரைக்கு மேல் தோள் நடுங்குவது ஜன்னல் வழியாகவே தெரிந்தது. உதடு வெளுத்துவிட்டது. குரல் மட்டும் அசையவில்லை.

ஏழே முக்காலுக்கு ஆபரேஷன் தியேட்டர் கூப்பிட்டது. பச்சைத் துணி இருபது வேண்டும், நோயாளி மேசையில் படுத்தாயிற்று.

"பச்சை எத்தனை இருக்கு?" என்று அண்ணி எங்கள் பக்கம் கத்தினார்.

"எட்டுதான்! மீதி டிரையர்ல சுத்துது!"

"ஹோல்ட் ஆன்," என்றார் அண்ணி. நாற்பதில் இதற்கு வாக்கியம் இல்லை. பாதி மடித்த உறை அப்படியே நின்றது. டிரையர் சுற்றுகிற சத்தம் மட்டும். கஞ்சி பேனாவின் மூடியைத் திறந்தார்.

"எய்ட் நவ்," என்றார் அண்ணி. "ட்வெல்வ்... ஆஃப்டர். ஃபிஃப்டீன் மினிட். ஹாட், பட் கமிங்."

அகராதி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் "ஓகே, ஓகே" என்று கேட்டது. எட்டுத் துணியையும் அள்ளிக்கொண்டு நான் ஓடினேன்.

நான் திரும்பி வந்தபோது மணி எட்டாகியிருந்தது. கஞ்சி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினேழு போன் வந்திருக்கு. குறை ஒண்ணு. நாலாம் வார்டு மேல ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம்மா. ஒண்ணுன்னாலும் குறை குறைதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணியால் கழுத்தை நேராக நிமிர்த்த முடியவில்லை. சாய்ந்த தலையோடே கேட்டார்: "சார், அவங்க நம்பர் என்ன?"

"எதுக்கும்மா? நேரம்தான் முடிஞ்சுபோச்சே."

"நாற்காலிக்காகக் கேக்கல சார். ஏழு மணிக்குத் துணிக்காகக் கூப்பிட்டாங்க, மணி எட்டாச்சு. இன்னும் போகலையே. அங்க யாராச்சும் ஈரத்துல படுத்திருப்பாங்க."

கஞ்சி பேனாவை மூடி வைத்தார். பிறகு அவரே நம்பரை அழுத்தி, ரிசீவரை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி இடது கையால் வாங்கி வலது காதில் வைத்தார். வலது கை மடியில் கட்டை போலக் கிடந்தது. துணி எதுவும் இல்லை.

"சிஸ்டர். லாண்ட்ரி. மார்னிங் யூ கால். ஐ ஃபியர். நோ ஸ்பீக். சாரி, சிஸ்டர். டெல் நவ். ஹவ் மெனி?"

அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு வந்தது. அண்ணி "எஸ், எஸ்" என்று கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "ஒம்பது பெட்ஷீட், ஆறு டவல். பதினொண்ணாம் கட்டிலுக்கு முதல்ல வேணுமாம். வயசானவராம்."

நான் அடுக்க ஆரம்பித்தேன். நர்ஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்ததால் கஞ்சி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். கேட்டார். "தேங்க் யூ" என்றார். வைத்துவிட்டு, மேசையின் இழுப்பறையைத் திறந்து வார்டு ரிஜிஸ்டரை எடுத்து அண்ணி முன்னால் தள்ளினார்.

"வார்டு, நேரம், எண்ணிக்கை. தமிழ்லயே எழுதுங்க. நாளைக்கும் ஏழு மணிக்கு வந்துடுங்க."

"அப்போ அந்தக் குறை?" என்றார் அகராதி. சும்மா இருக்க முடியாத வாய்.

"வாபஸ் வாங்கிட்டாங்க. நீ போய் இஸ்திரியைப் பாரு."

அண்ணி வலது கையால் பேனாவை எடுக்கப் பார்த்தார். விரல்கள் மூடவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோணல் மாணலாக, முதல் வரியில் நாலாம் வார்டு என்று எழுதினார்.