மணப்பாறையைச் சுற்றிக்கொண்டு பழநிக்கு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. எங்கே தொலைந்தான் என்று விசாரித்த அன்பர்களுக்குப் பதில் — பழநிக்குப் போயிருந்தேன். நடந்து! அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துவிட்டு வீடு திரும்புவதற்கே ஜட்கா தேடுகிற அதே ஆள்தான்.

முந்தாநாள் தெப்பக்குளத்துப் பக்கம் நொண்டிக்கொண்டே போனபோது ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, பஸ்ல இருந்து விழுந்துட்டீங்களா?"

"இல்லைங்க, பழநிக்கு நடந்தேன்."

"மணப்பாறை வழியாத்தானே?"

"இல்லை, தோகைமலை வழியா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பக்கம் ஈ காக்கா போகாதே... ஏங்க?"

ஏனா? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருடம் எங்கள் மகள் வள்ளிக்கு டைபாய்டு. புத்தூர் ஆஸ்பத்திரியில் குழந்தை நாள்கணக்கில் கண் திறக்காமல் கிடந்தாள். குழந்தை பிழைத்தால் பழநிக்கு நடந்தே வந்து, அங்கேயே மொட்டை போட்டுக் காது குத்துவதாக என் மனைவி மரகதம் வேண்டிக்கொண்டாள். போகிற போக்கில் என்னையும் சேர்த்து வேண்டிக்கொண்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? எந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

முருகன் கைவிடவில்லை. வள்ளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. மரகதத்தின் ஒரே அண்ணன் சின்னையா. மணப்பாறையில் விவசாயம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியபோது அவர் வெளியூர் போயிருந்தார். விஷயம் தெரிந்து, ஆரஞ்சுப் பழப் பையோடு ஓடி வந்தபோது நாங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தோம். வாசலில் நின்ற அண்ணனிடம் மரகதம் கேட்டது இரண்டே வார்த்தை.

"இப்ப எதுக்கு?"

அவர் பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. அண்ணனும் தங்கையும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். யார் முதலில் வாய் திறப்பது?

சும்மா இருந்தால் பரவாயில்லை. காது குத்த வேண்டுமே! தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்துவது உண்டா?

"யார் மடியிலே உட்கார வைக்கப் போறே?" என்று கேட்டேன்.

"முருகன் பாத்துக்குவாரு."

பழநி முருகன் ஆண்டிக் கோலத்தில் நின்றுகொண்டே இருப்பவர். அவருக்கு மடி ஏது? இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. எங்கள் தெருக் கோஷ்டி வழக்கம்போல மணப்பாறை ரோட்டில் கிளம்ப ஏற்பாடு செய்தது. அந்த ரோட்டின் மேலேயே மச்சான் வீடு. வருடா வருடம் வாசலில் பந்தல் போட்டு நடைக்காரர்களுக்கு மோர் ஊற்றுவார்.

"அந்த வாசல் வழியா நான் வர மாட்டேங்க. நாம வேற வழியிலே போவோம்" என்றாள் மரகதம்.

நான் ஆபீஸிலிருந்து ஜில்லா மேப் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தேன். அவள் அதன் மேல் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, காசிம் பாய்க்கு ஆள் அனுப்பினாள். பாய் பாலக்கரைக்காரர், மாட்டுத் தரகர். எங்கள் வீட்டுப் பசுவை வாங்கித் தந்தவர். மாடு ஓட்டிப் போகிறவர்களுக்குத் தெரியாத குறுக்குப் பாதை உண்டா என்ன?

தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. ஆனால் பாயிடம் அந்த ஒரு ரகசியம்தான் தங்கும். மற்றதெல்லாம் தண்டோரா.

"வயலூர்லயே முருகனைக் கும்பிட்டுக்கங்க. அப்புறம் தோகைமலை. அங்கே சத்திரம் இருக்கு, தங்கச்சி. தாண்டினா ஒரு பெரிய வேப்ப மரம், நல்ல தண்ணிக் கிணறு. தரகம்பட்டி, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம்... இன்ஷா அல்லா, சொகமா போயிடலாம்."

"யாருக்கும் தெரிய வேணாம் பாய்" என்றாள் இவள்.

"என்னம்மா, நானா சொல்வேன்?" என்று பாய் காபியை ஆற்றினார்.

குழந்தையைப் பஸ்ஸில் பழநிக்கு அழைத்து வரும்படி என் தம்பியிடம் சொல்லிவிட்டு, மாலை போட்டுக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். பாதையில் ஆளே இல்லை. சோளக் காடு, முள், மயில் அகவல். அரோகரா போட ஒரே ஆள் நான்தான். என் தொண்டையைக் கேட்டு ஓர் ஆட்டு மந்தை கலைந்து ஓடியது. காலில் முள் தைத்தால் மரகதம் உட்கார்ந்து ஊக்கால் எடுத்துவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியதே இல்லை. சண்டையும் சேர்த்துத்தான்! எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

தோகைமலை தாண்டினோம். பாய் சொன்ன வேப்ப மரம் தெரிந்தது. அடியில் அவிழ்த்துவிட்ட மாட்டு வண்டி. ஈரத்துணி சுற்றிய இரண்டு பானை. பக்கத்தில் தலைப்பாகையோடு ஒருவர்...

மரகதத்தின் கால் நின்றுவிட்டது.

சின்னையா மச்சான்! அவர் தங்கை என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லவும் இல்லை. மாலை போட்டவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே, குனிந்து இரண்டு கையாலும் செம்பை நீட்டினார்.

"சாமி... மோர் குடிங்க."

மாலை போட்டவர்களுக்கு நடையில் ஒரு விதி உண்டு. யார் மோர் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. கொடுக்கிறவர் முருகன் என்று எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் நடந்த நடையெல்லாம் வீண். மச்சான் நீட்டிய செம்பை இறக்கவில்லை. மறுத்துவிடுவாளோ?

வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உப்புக் கம்மியா இருக்கு, அண்ணே."

நான் திரும்பி நின்று மயில் தேடினேன். வேறு என்ன செய்வது?

"சந்தையிலே பாய் சொன்னாரு, மாப்பிள்ளை" என்றார் மச்சான். "எங்கே தங்குறீங்க, எந்தக் கிணத்திலே குளிக்கிறீங்க... எல்லாத்தையும் சொல்லிட்டாரு." வண்டியை ஆளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு எங்களோடு நடந்தார்.

பழநியில் வள்ளி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தே அவளை அடக்கினார். ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மரகதத்தைச் சீண்டினேன். "பிளான் போட்டியே பிளான்! பாயெல்லாம் வாராவாரம் மணப்பாறைச் சந்தைக்குப் போறவர். இது தெரியாமலா அவர்கிட்ட வழி கேட்டே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பொறந்த ஊருச் சந்தைக்கு யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"