படத்தின் முடிவைக் கேட்ட டீச்சர்

போன வாரம் ஒரு போன்.

"மிஸ், நான் கட்டுகஸ்தோட்டையில இருந்து ஸுலைஹா டீச்சர். பேப்பர்ல ஒங்கட சினிமாப் பத்திய விடாம வாசிக்கிற. அந்தப் படத்துட முடிவச் செல்லுங்களே."

எந்தப் படம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். கதாநாயகன் தலையில் பலாப்பழம் விழுந்து நினைவு போய்விடும். கட்டிய மனைவி, சொந்த வீட்டுக்கே சமையல்காரியாக வந்து அவனை மறுபடி காதலிக்க வைப்பாள். இரண்டு வாரம் முன்பு 'காதல் என்றால் இதுதான்' என்று தலைப்புப் போட்டு எழுதினேனே – அதுதான்.

முடிவை மட்டும் சொல்லவில்லை. அது என் கொள்கை. கூடவே ஒரு நக்கல் வேறு... என் வீட்டுக்காரர் தலையிலும் ஒரு பலாப்பழம் விழுந்தால் தேவலை, மறுபடி காதலிக்கவாவது செய்வார் என்று.

"இன்னும் ஓடுதே டீச்சர். ஒரு நாள் போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"எனக்கு வெளிய வர ஏலா மிஸ். ஊட்டுக்காரருக்கு ஞாபகம் இல்ல. என்னயே தெரியா."

விலாசம் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

பாலம் தாண்டியதும் வீடு. நல்ல மழை. முன்கதவு விரியத் திறந்து கிடக்க, ஹாலுக்குள் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் டீச்சர். கதவைச் சாத்தினால் என்ன என்று கேட்டேன்.

"சாத்த விடமாட்டார்." குசினிக்குள், அடுப்படிக்குக் கூட்டிப்போய்த்தான் சொன்னார். "என்னய சமைக்க வந்தவ ண்டு நெனக்கிறார். அடுத்தவன்ட பொஞ்சாதியோட கதவ மூடிட்டு ஈக்கிறது ஹராம் தானே. நாப்பது வருசமா வாழ்ற ஊடு மிஸ். இப்ப முக்காடோட ஈக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்கவும் ஏலா."

டீச்சரின் கணவர் ஹாஜியார் ஹாலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு "வாங்க" என்றார். மறதி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது – ஒழுக்கத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போகிறது?

நாலு மணி. டீச்சர் குசினிக் கதவை ஒருக்களித்துவிட்டு மொபைலை எடுத்தார். ஹாலில் மேசைமேல் இருந்த போன் அடித்தது. கதவிடுக்கில் பார்த்தேன்; ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். மனைவியின் முகம் மறந்த மனிதருக்கு, போனில் வரும் அவர் குரல் மட்டும் மறக்கவில்லை.

"ஸுலைஹா? எப்ப வார?"

"தாத்தாவுக்கு இன்னும் சொகமில்ல. நாளைக்கி வாறேன்."

தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா; கெலிஓயாவில் அந்த அக்கா வீட்டில் நிற்பதாகத் தினமும் சொல்கிற பொய் அது.

"இங்க சமைக்க ஒரு மனுசி வந்தீக்கிறா. நல்ல மனுசி. ஆனா நீ இல்லாத ஊட்டுல... சரியில்ல. கெதியா வா."

டீச்சர் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தேத்தண்ணி கொண்டுபோனார். ஹாஜியார் அதைக் கையில் வாங்கவில்லை.

"மேசையில வைங்க. நாளைக்கி என்ட பொஞ்சாதி வாறா. நீங்க ஒங்கட ஊட்டுக்குப் போகலாம். இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்வான்."

"சரி ஹாஜியார்" என்றார் டீச்சர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைக் குடையை மடிப்பதுபோல் சும்மா நோண்டிக்கொண்டு நின்றேன்.

புறப்படும்போது வாசலில் டீச்சர் கேட்டார். "முடிவச் செல்லல்லியே?"

இத்தனை வருடக் கொள்கையை அந்த வாசலிலேயே விட்டேன்.

"அவருக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் வரல டீச்சர். ஆனா சமைக்க வந்தவ மேலயே ஆசைப்பட்டு, மறுபடி அவளையே கட்டிக்கிறாரு."

டீச்சர் உள்ளே திரும்பிப் பார்த்தார். ஹாஜியார் போன் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் கட்ட மாட்டார் மிஸ். நான் வாற வரைக்கும் காத்துட்டு ஈக்கிறாரே."

'காதல் என்றால் இதுதான்' என்று அந்தப் படத்துக்கு நான் போட்ட தலைப்பை இத்தால் வாபஸ் வாங்குகிறேன்.