மூன்று கோடு போட்ட சாவி

அப்பாவின் கார்ச் சாவியை அலுவலகப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாதம் திரிந்தேன். கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, நேர் எதிரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும், இரண்டு பக்கமும் இருட்டு, இனி வண்டியைத் தொடவே கூடாது. அப்பா பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இருபத்தைந்து வருடமாக அந்த ஒரே வெள்ளைக் காரைத்தான் ஓட்டினார். சாவியைக் கேட்டால் வீடு ரெண்டுபடும் என்று பயந்திருந்தேன். அவரோ இரண்டு நாள் மட்டும் தவணை கேட்டார். சனிக்கிழமை காலையில் பழைய தோல் வளையத்தோடு சாவியை என் கையில் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். இவ்வளவு லேசில் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். எனக்குப் புத்தி எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும்.

என் வீடு அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன். ஒரே திருப்பில் எடுக்கும். வாரம் பூராவும் சும்மா நிற்கிற வண்டி எப்படி எடுக்கிறது பாருங்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை வேறு பேசினேன். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

குடையைத் தொலைக்கிறவன் சாவியைத் தொலைக்க எத்தனை நாளாகும் என்று என் மனைவி நச்சரித்ததால், ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு டூப்ளிகேட் வெட்ட மேலப்பாளையம் போனேன். பஜாரில் பெரிய குடைக்கு அடியில் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். இந்தக் காலத்துக் கார்கள் மாதிரி கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்க வேண்டாம், பழைய வண்டிக்குப் பல்லை வெட்டினால் போதும் என்றார். சாவியை வாங்கியவர் மெஷினில் மாட்டவில்லை. தலைப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நான் வெட்டுன சாவிதான அண்ணாச்சி."

அவர் வெட்டும் ஒவ்வொரு சாவியின் தலையிலும் அரத்தால் மூன்று கோடு இழுத்துவிடுவாராம். திரும்பவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் தன் சாவியா என்று தெரிய வேண்டுமே. அந்தக் கோடுகளை நானும் பார்த்திருக்கிறேன், தேய்மானம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் ஆட்டோவுல வந்தாவ. அந்த அம்மாதான் பேசுனாவ, ரெண்டு வேணும்னு. பெரியவரு ஒவ்வொரு பல்லா தடவித் தடவிப் பார்த்தாரு. அதான் மறக்கல."

இரண்டு நாள் தவணை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என்னிடம் இருப்பது நகல். அசல் சாவியும் இன்னொரு நகலும் வீட்டில் இருக்கின்றன. வண்டி ஒரே திருப்பில் எடுத்ததும் அதனால்தான். இன்னொன்று வெட்டவா என்று பாய் கேட்க, சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

எங்கே போவார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். அம்மாவின் ஒரே தங்கை சீவலப்பேரியில் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். டவுன் பஸ் படி ஏற அம்மாவின் முழங்கால் விடாது. அவ்வளவு தூரம் ஆட்டோவில் குலுங்க முடியாது. இந்த ஞாயிறு கூட்டிப்போகிறேன், அடுத்த ஞாயிறு கூட்டிப்போகிறேன் என்று நான்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கேட் திறந்து கிடந்தது. கார் இல்லை. அதை மூடும் துணியை அம்மா நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தாள். அவசரத்தில் போகிறவர்கள் அப்படி மடிப்பதில்லை. தேடிப் போனால் வழியில் அவர்களைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்து வாசலிலேயே நின்றேன். தெருவில் ஹாரன் கேட்டபோதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, கார் கண்ணில் படுமுன்னே அம்மாவின் குரல் கேட்டது. "பைய... பைய... கொஞ்சம் வலது பக்கம் ஒடிங்க. இப்ப நேரே. நில்லுங்க."

கார் கேட்டுக்குள் சரியாக வந்து நின்றது. ஸ்டியரிங்கில் அப்பா, பக்கத்து சீட்டிலிருந்த அம்மாவின் பக்கம் காதைச் சாய்த்தபடி இருந்தார். இடது பக்க ஹெட்லைட் உடைந்து தொங்கியது. உடைசலில் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"ஒரு கல்லுல இடிச்சிட்டு லே," என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நான் நிற்பதாக நினைத்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா அடுக்களைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"வலதுன்னு சொல்லதுக்குப் பதிலா இடதுன்னுட்டேன். ஆடு நின்னுச்சு. கயித்தைப் பிடிச்சுகிட்டு ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளை கயித்தை விட்டுட்டு, அதனால பிழைச்சுது. ஒங்கப்பா என்னன்னு கேட்டாவ. கல்லு, போங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதில் பாதி என்மேல்தான். அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடி அன்றைக்கே போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் முன்னறைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன். அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, மேஜையின் விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்தார். தலைப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கோடு இல்லை. அசல்.

"இன்னொண்ணு ஒங்கம்மா பைபிள் உறைக்குள்ள இருக்கு," என்றார். "அதையும் வாங்கு லே."

நான் கை நீட்டினேன். அம்மா அலமாரியிலிருந்த பைபிளை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போவேன்னு சொல்லு," என்றாள். "பொறவு தாரேன்."