குதிக்க நான், நடக்க சரசு

என் மகன் கைப்பேசியில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். குகைக்குள் ஓர் ஆள் ஓடுவான், குதிப்பான், வைரம் பொறுக்குவான். ஒரு வைரத்தை விட்டுவிட்டால் உடனே மஞ்சள் அம்பு ஒன்று வந்து, இதோ இங்கே இருக்கிறது சாமி என்று காட்டிக்கொடுக்கிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இதெல்லாம் ஒரு ஆட்டமாடா?" என்றேன். "நீங்க ஆடிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டான். அங்கேதான் மாட்டிக்கொண்டான், பாவம். அவன் கொட்டாவி விட்டு ஓடியபின் மிச்சமிருப்பதை உங்களிடம் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பக்கத்து வீடு சரசு வீடு. அவள் அப்பா லோரி டிரைவர், சிரம்பான் வரை போய்வருகிற ஆள். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அந்த வீட்டுக்குத்தான் முதலில் கேம் மெஷின் வந்தது. கேசட்டின் வாயில் ஊதிவிட்டுச் செருகினால்தான் படம் வரும். அந்த உரிமையைச் சரசு யாருக்கும் கொடுக்கமாட்டாள். பூசாரி விபூதி ஊதுகிற தோரணையில் கண்ணை மூடிக்கொண்டு ஊதுவாள்.

பிடித்து ஆட, இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த ஒரே ஒரு கட்டைதான். யார் முதலில் என்று நாங்கள் போட்ட சண்டையில் சரசுவின் அம்மா அகப்பையோடு வந்துவிட்டார். "ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்கடி! சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரு கையிலயும் சூடு வெச்சிருவேன்!" அன்றிலிருந்து கட்டையின் இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் எனக்கு. நடப்பது அவள், குதிப்பது நான். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்போம். "குதிடி! குதிடி!" என்று அவள் கத்துவாள். "நீ மொதல்ல நில்லுடி!" என்று நான் கத்துவேன். நடுவில் திரையில் குகைக்குள் ஓடுகிற ஆள் குழியில் விழுந்து செத்துப்போவான்.

இதில் இன்னொரு கூத்து. அந்தத் திரை முன்னால் மட்டும்தான் நகரும், விட்டதை எடுக்கத் திரும்பிப் போக முடியாது. நாங்களோ தோட்டத்துப் பிள்ளைகள். லீவு நாளில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போனால் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை மரம் மரமாக உருவி எடுக்கவேண்டும். ஒரு மரத்தை விட்டாலும் மேற்பார்வை பார்க்கிற மண்டோர் மர நிரையின் அந்தக் கோடியிலிருந்தே கத்துவார். ஒட்டுப்பால் நாற்றம் சோப்பு போட்டாலும் போகாது. சரசு வீட்டுக் கட்டையிலும் அதே வாசம்தான். அந்தப் பழக்கத்திலேயே ஆட்டத்தையும் ஆடினோம். வழியில் தொங்கும் காசில் ஒன்று தவறிவிட்டால்கூட, நல்லாயிருந்த ஆளை நாங்களே குழியில் தள்ளிக் கொன்றுவிட்டு, அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்குவோம். குகைக்குள் தடியோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற எதிரிக்கு என்ன பெயர் வைத்திருப்போம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்படி நிரை பிடித்து ஆடினால் எங்கே முடிப்பது? தோட்டத்தில் எஞ்சின் ஓடும்வரைதான் கரண்ட். எஞ்சின் நின்றால் ஆட்டம் போச்சு, மறுநாள் முதல் குகையிலிருந்துதான். கடைசிக் குகையில் ஒரு பொக்கிஷ அறை இருக்கிறது என்று கேசட்டின் மேல் படம் போட்டிருந்தது. பாதித் திறந்த கதவு, உள்ளே மஞ்சள் வெளிச்சம். அதைப் பார்த்துப் பார்த்தே ஏங்கினோம்.

அப்போதுதான் சரசு அப்பாவுக்குப் பகாவ் டவுனில் வேலை கிடைத்தது. சாமான் எல்லாம் கட்டியாயிற்று, டிவியைத் தவிர. "காலையிலதான் ஏத்துவோம், ஆடிக்குங்க," என்றார் அவள் அம்மா. இன்றைக்கு விட்டால் அந்த அறையை நாங்கள் சேர்ந்து பார்ப்பது என்றைக்குமே இல்லை.

சரசு திட்டம் போட்டாள். "காசையெல்லாம் உட்டுரு. ஓடுவோம்."

"எப்படிடி உடுறது?"

"கண்ண மூடிக்கிட்டு உடு லா!"

ஓடினோம். தலைக்கு மேலே காசும் வைரமுமாகத் தொங்குகிறது, எனக்கு வயிறு எரிகிறது. அதோடு எங்கே குதிப்பது என்றும் தெரியவில்லை. அந்தக் காசுகளை வளைவாகத் தொங்கவிட்டிருந்ததே குதிக்கிற இடத்தைக் காட்டத்தான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. செய்தவன் லேசுப்பட்டவன் இல்லை. ஆசை காட்டியே வழியும் காட்டியிருக்கிறான்.

எப்படியோ கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். கதவு நிறைய வைர வடிவில் குழி. வழியில் எடுத்த பெரிய வைரங்களை அதில் பதித்தால்தான் திறக்குமாம். எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. "உடு லான்னியே! இப்ப பாரு!" என்று கத்தினேன். சரசு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நானும் அழுதேன். எஞ்சின் நின்றது.

அடுத்த வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்தவள் இறங்கியதும் சொன்ன முதல் செய்தி, "கதவத் தொறந்துட்டேன்டி!" உள்ளே கூரை முட்டத் தங்கமாம். ராஜா ஒருவர் வந்து நம் இரண்டு பேருக்கும் மாலை போட்டாராம்.

"ஆட்டத்துல ஒருத்தன்தானடி இருக்கான்?"

"கடைசில இன்னொருத்தன் வருவான்," என்றாள், கண் சிமிட்டாமல்.

பல வருடம் கழித்து சிரம்பானில் லோபாக் மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் அவள் அம்மாவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் மெஷினைப் பற்றிக் கேட்டேன். பழைய பேப்பர்காரன் லோரியில் போட்டுவிட்டார்களாம். "பகாவுக்குப் போயி அத அவ தொடவே இல்லம்மா. குதிக்க ஆளில்லன்னு பெட்டியிலயே போட்டு வெச்சிட்டா. நான் சொன்னேன்னு அவகிட்ட கேட்டுறாத."

கேட்கவில்லை. சரசு இப்போது ஜொகூரில் இருக்கிறாள். போன வாரம் போனில் வேண்டுமென்றே அந்த அறைப் பேச்சை எடுத்தேன். சளைக்காமல் சொன்னாள். இந்தத் தடவை ராஜா யானைமேல் வந்தார். லயத்தை இடித்து வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ரப்பர் மரம் போச்சு, எஞ்சின் போச்சு, மெஷினும் போச்சு. யானை மட்டும் இப்போதுதான் வந்திருக்கிறது.