முடியும் முடியாதும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஆளுக்குத் தன் வழுக்கையை மறந்திருக்க வழியே இல்லை. நான்கு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி. வாடிக்கையாளர் புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பார். பின்னால் நின்று காதோரக் கம்பியைச் சரிசெய்கிற ஃபிட்டரின் தலையும் கூடவே தெரியும். முன்பக்கக் கண்ணாடியில் நெற்றி, பின்பக்கத்தில் உச்சி, பக்கவாட்டில் மிச்சம் மீதி. பதினோரு வருடமாக அந்தக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுத்துவந்த ஃபிட்டர், தன் உள்ளங்கையைவிடத் தன் உச்சந்தலையை அதிகமுறை பார்த்திருந்தார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய குறை முடி அல்ல. மனிதருக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. முதலாளி முன்னால் போய் நின்றால் வலது கை தானாக எழுந்து தலைக்குப் போய்விடும். கழுத்து குனியும், விரல்கள் சொறியும், வாய் "இல்லங்க, வந்து..." என்று இழுக்கும். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர்; இவர் சொறிந்து முடிக்கிறவரை காத்திருக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. சொறிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஒருமுறை விடுமுறை கேட்கப் போன ஃபிட்டர், கையில் கடைச் சாவிக்கொத்தோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து காலையில் கடை திறப்பதும் அவர் பொறுப்பாகிவிட்டது.

அவர் கேட்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமையை. அவருக்கு வார விடுமுறை செவ்வாய். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு ஞாயிறு. வீட்டில் இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை, அதற்காக வருத்தப்பட்டு ஓய்ந்தும் ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு முழுப் பகலை வீட்டில் கழித்ததில்லை. ஒருவருடைய ஓய்வு நாள் எப்படிப் போனது என்பதை மற்றவர் தடயங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செவ்வாய் மாலை அவள் வந்து பார்த்தால் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றிருக்கும். ஞாயிறு இரவு அவர் வந்து பார்த்தால் தலையணை உறைகள் மாறியிருக்கும். "ஞாயித்துக்கிழமை வீட்ல பேச்சுத் துணைக்கு ரேடியோதான்" என்று அவள் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அதை அவர் மறக்கவில்லை.

ஏழு முறை கேட்கப் போனார், ஏழு முறையும் சொறிந்துவிட்டு வந்தார். இதற்குக் காரணம் என்னவென்று யோசித்தவருக்குச் சுவர் முழுக்கப் பதில் இருந்தது. குனிந்து நிற்கிறோம், முதலாளி கண்ணுக்குத் தெரிவது வழுக்கை, வழுக்கையோடு பேசுகிறவருக்கு மரியாதை எப்படி வரும்? முதலாளிக்கோ அறுபது வயதிலும் தூரிகை மாதிரி முடி. கணக்கு சரியாக வந்துவிட்டதாக நினைத்த ஃபிட்டர், முடி நடுகிற டாக்டரைப் போய்ப் பார்த்தார். மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. "உங்களுக்கு முடி வேணும்னா நட்டுக்கங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை போதும்" என்றாள்.

கடைக்கு லீவு சொன்னதும் அவள்தான். வைரஸ் காய்ச்சல், ஒரு வாரம் ஆகும் என்று போனில் சொல்லி, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை நாள் முழுக்கக் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்து, பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு முடியாக எடுத்து உச்சியில் நட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடுவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தார் பாவம். டாக்டர் சொல்லி அனுப்பிய பத்தியத்தைக் கேட்டால் அது சும்மா தொடக்கம் என்று தெரிந்தது. முதல் மூன்று நாள் விழித்திருக்கும்போதெல்லாம் அரைமணிக்கு ஒருமுறை உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் முதுகுக்கு அண்டை கொடுத்துச் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும். பத்து நாளைக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, தலை வழியாகச் சட்டை மாட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதை டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். "அரிப்பு வரும். வந்தா ஆறுதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க. ஆனா கை மட்டும் அங்க போகவே கூடாது. நட்டது கையோட வந்துரும்."

உலகத்தில் வேறு யாருக்காவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மனைவி இரண்டு நாள் லீவு போட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த பத்தியத் தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். அலாரம் வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒருதரம் வந்து, இஸ்திரி போடுமுன் துணிக்குத் தெளிப்பதுபோல உச்சியில் நாலு பீய்ச்சு பீய்ச்சிவிட்டுப் போனாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்க விடவில்லை. மூன்றாம் நாள் நெற்றி வீங்கியது; நான்காம் நாள் வீக்கம் கீழே இறங்கிக் கண்ணை மூடியது. ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தன் கண்ணாடி மூக்கில் உட்காராமல் சாய்வு நாற்காலியில் கிடந்தார். டாக்டரைக் கேட்டால், வீக்கம் கீழே இறங்கத்தான் செய்யும், இரண்டு நாளில் வடிந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வடிந்தது. நட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாகப் பொருக்குத் தட்டியது. அப்புறம் வந்தது அரிப்பு.

அரிப்பு என்றால் இப்படி அப்படி இல்லை. இடது உச்சியில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து வலப்பக்கம் போய், அங்கே சற்று இளைப்பாறிவிட்டு, நடுவில் வந்து கூத்தடிக்கும். கை எழும்பும்போதெல்லாம் மனைவி அடுக்களையிலிருந்தே "ஏங்க" என்பாள். அவளுக்கு முதுகிலும் கண் இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, இந்தக் கோலத்தில்தான் கடைக்குப் போனார். தலையில் தொளதொளவென்று ஒரு துணித் தொப்பி. கழுத்து இரும்புக் கம்பி. குனியக் கூடாதே, அதனால் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தைத் தரையில் வைக்காத குறையாகத் தாழ்ந்து கிடந்த பழைய மேசையிலிருந்து எடுத்து, காலிப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் வைக்கச் சொன்னார். ஆமாம், சொன்னார். தானே தூக்கக் கூடாது என்பதால் பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தேய்த்தார். வந்தவர்கள் மூக்கில் ஃபிரேம் மாட்டிப் பார்க்கையில், இவர் குனிந்து பார்க்காமல் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் மறுபேச்சில்லாமல் எழுந்து நின்றார்கள். நாள் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

மாலையில் கூப்பிட்டனுப்பினார். புதிதாக ஒரு கிளை திறப்பதாக இருந்தது. வேலையெல்லாம் ஓடத் தொடங்கும்வரை செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அங்கே வந்துவிட்டுப் போ என்றார். அதாவது இருந்த ஒருநாளும் பாதியாகப் போகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் ஃபிட்டர் குனிவார், சொறிவார், கதை முடிந்துவிடும். இன்று கழுத்து குனியவில்லை. கை பின்னால் கட்டிக்கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இடது உச்சியில் எறும்பு புறப்பட்டது. பல்லைக் கடித்தார். தாடை புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலாளியின் முகத்தையே வெறித்துப் பார்த்தார், வேறெங்கே பார்த்தாலும் ஒரு கண்ணாடியில் தன் தலை தெரியும் என்பதால்.

முதலாளி நாற்காலியில் சற்றே பின்னால் நகர்ந்தார். பதினோரு வருடத்தில் இந்த ஆளின் கண்களை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. "என்னய்யா இது" என்றார். "காய்ச்சல்ல கெடந்து எழுந்து வந்தா, தலையில கொம்பு முளைச்சிருமா?"

ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தொப்பி விலகிவிட்டதா? பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "இப்ப முளைக்காதுங்க. இன்னும் மூணு நாலு மாசம் ஆகுமாம்."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். மூன்று நாலு மாதத்தில் என்ன ஆகப் போகிறது? எதிர்த்த வரிசையில் ஒரு கடை பூட்டிக்கிடப்பது அவருக்கு நினைவு வந்தது. ஆள் நிமிர்ந்து நிற்பதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதும், வந்தவர்களை எழுந்து நிற்க வைத்ததும் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே அர்த்தத்தைச் சொல்லின. இவன் தனிக்கடை போடப் போகிறான். இவன் போனால் இந்தக் கடையில் ஒரு லென்ஸ் ஒழுங்காக ஃபிரேமில் உட்காராது என்பது முதலாளிக்கு எப்போதும் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எறும்பு அப்போது நடுமண்டையில் இருந்தது. முழு நாளாகவே ஓய்வெடுத்துக்கொள் என்றார். ஃபிட்டர் பல்லை இன்னும் இறுக்கிக் கடித்தார். "உனக்கு என்னதான்யா வேணும்? வாயத் தொறந்து சொல்லு."

இன்னும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால் கை தன் இஷ்டத்துக்குப் போய்விடும் என்று ஃபிட்டருக்குத் தோன்றியது. "ஞாயித்துக்கிழமை" என்றார்.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

முதலாளி ஒப்புக்கொண்டார். ஃபிட்டர் நன்றி சொல்லிவிட்டு நேரே பின்பக்கம் போய், தொப்பியைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவேயில்லை. வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி நம்பவில்லை. முதலாளி வாயால் சொன்னாரா, எழுதிக் கொடுத்தாரா என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் மனம் கொஞ்சம் நொந்தது.

ஞாயிறு வந்தது. அதுதான் பத்தாம் நாள். பொருக்கை ஊறவைத்துத் தேய்த்து எடுக்க வேண்டிய நாள். காலை பத்து மணி வெளிச்சம் குளியலறை ஜன்னல் வழியாக விழ, பிளாஸ்டிக் முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மனைவி வெதுவெதுப்பான தண்ணீரைக் கோப்பையில் மொண்டு மெதுவாக ஊற்றி, குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்புவை நுரைக்கவைத்துத் தடவி, ஊறவிட்டு, நகம் படாமல் விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பொருக்கு உதிர்ந்தது. கூடவே துளித்துளி முடியும் வந்தது. தரையில் அதைப் பார்த்ததும் ஃபிட்டர் எல்லாம் போச்சு என்றார். அவள் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக் காட்டினாள்: நட்ட முடி ஒருமுறை உதிர்ந்துவிட்டுத்தான் முளைக்கும், வேர் உள்ளே இருக்கும், பயம் வேண்டாம். அவர் அரைகுறையாகச் சமாதானம் ஆனார். பகல் வெளிச்சத்தில் அவள் கை இவ்வளவு நேரம் தன் தலையில் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். சுகமாக இருந்தது.

இடதுபக்கம் முடிந்த சமயத்தில் ஜன்னல் திட்டில் வைத்திருந்த போன் அடித்தது. முதலாளி.

காதெல்லாம் நுரை என்பதால் மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். ஒரு பெரிய இடத்துக் குடும்பம் மொத்தமாக வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறது, ஒரே ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போய்விடு, வெள்ளிக்கிழமை பேசியது பேசியதுதான், இன்று ஒருநாள் மட்டும் என்று முதலாளி மூச்சுவிடாமல் சொன்னார்.

மனைவி இன்னொரு கையால் கொக்கியிலிருந்து துண்டை எடுத்து, தலையைத் துவட்டித் தருவதற்காகப் பிரித்தாள். கூப்பிட்டால் அவர் கிளம்பிவிடுவார் என்பது பதினோரு வருடப் பழக்கம்.

ஃபிட்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். போனில் அவர் நிமிர்ந்த கழுத்தும் தெரியாது, கட்டிய கையும் தெரியாது. "இல்லங்க, வந்து..." என்று வாய் தன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. வலது கையும் மடியிலிருந்து எழுந்துவிட்டது. காது மட்டத்துக்கு வந்த கையை அவரே பார்த்தார். பார்த்து, இறக்கி, முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"முடியாதுங்க" என்றார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"ஃபிட்டர்தானே பேசறது?" என்று கேட்டது குரல்.

"ஆமாங்க. நாளைக்கு வர்றேன்."

முதலாளி சரி என்று வைத்துவிட்டார். குழாயடியில் நுரை மட்டும் மெல்ல உடைந்துகொண்டிருந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதை உறுதிசெய்துகொள்வதுபோல ஃபிட்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, இன்று முழுநாளும் இருக்கிறதே, எங்கேயாவது போகலாமா என்று மனைவியைக் கேட்டார். கேட்டபிறகுதான், எங்கே போவது என்று இருவருமே இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட யோசித்து வைக்கவில்லை என்பது தெரிந்தது.

அவள் துண்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். அழுகை வந்தது, கையெல்லாம் நுரையாக இருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்கயும் போக வேணாம்" என்றாள். "அந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க. இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு."