அங்க அடையாளம் இரண்டு

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகும் மாணவர்களின் பட்டியலைத் தயாரித்து மெட்ராஸ் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. சுற்றுவட்டாரத்துப் பட்டியல்களெல்லாம் சிவப்பு மைக் கோடுகளோடு திரும்பி வரும். என்னுடையது போனால் போனதுதான்.

பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறந்த தேதியில் கட்டாயம் இருக்கும். ஒரு தடவை இலத்தூரிலிருந்து ஒரு தகப்பனார் வந்து, "சாரல் வெளுத்து வாங்குன வருசம் பொறந்தான், அண்ணாச்சி. ஆடி மாசம். நீங்களா பார்த்துப் போட்டுக்கிடுங்க" என்றார்.

"நானா பார்த்துப் போட இதென்ன ஜாதகமா வே? ஒண்ணாங்கிளாசுல சேக்கும்போது என்ன தேதி சொன்னீரோ அதான் தேதி. பொய்யா இருந்தாலும் அதே பொய்யத்தான் எழுதணும்" என்றேன். அவர் பயந்துபோய், தான் சொன்ன பொய்யைத் தேடிக்கொண்டு ஆரம்பப் பள்ளிக்குப் போனார்.

அதைவிடப் பெரிய தொல்லை அங்க அடையாளம். ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் போய்ப் பரீட்சை எழுதிவிடாமலிருக்க, ஒவ்வொருவன் உடம்பிலும் உள்ள மச்சமோ தழும்போ இரண்டைக் குறிக்க வேண்டும். அது அப்படியே ஹால் டிக்கெட்டில் ஏறி வரும். பரீட்சைக் கூடத்தில் கண்காணிப்பாளர் அதைச் சரிபார்ப்பார். எங்கள் பையன்களில் பாதிப்பேர் குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்தவர்கள். அடையாளம் எங்கே என்றால் பெருமையாக முட்டியைக் காட்டுவார்கள்.

"ஏலே, ஹால்ல வந்து வேட்டியத் தூக்கிக் காட்டுவியாலே? முகம், கழுத்து, முன்கை. இந்த மூணுல இருந்தாச் சொல்லு" என்று கத்துவேன். மச்சமே இல்லை என்று சாதித்த ஒருவனை ஜன்னலோரம் நிறுத்தி, அரைமணி நேரம் தேடி, காதுமடலில் ஒன்றைப் பிடித்திருக்கிறேன்.

இப்பேர்ப்பட்ட நான்தான் என் மனைவியின் விண்ணப்பத்தை எழுதினேன்.

பள்ளி இறுதி வகுப்பில் அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பரீட்சை நின்றுபோயிற்று. ஆறு வருஷம் கழித்து, தனியாகப் பணம் கட்டி எழுதப் போகிறேன் என்றாள். தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. "இந்த ஒரு தடவதான். நடக்கலன்னா அப்புறம் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்து வாயை அடைத்தாள். அடுப்படிச் சுவரில் கரியால் அல்ஜீப்ரா போடுவாள். குழம்பு கொதிக்க ஒரு கணக்கு, சோறு வேக ஒரு கணக்கு. சுவர் கரி பிடித்துப் போனது.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். பையன்கள் பட்டியலை முடித்துவிட்டு அவளுடைய தாளை எடுத்தேன். அங்க அடையாளம் என்ற கட்டம் வந்தது. பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தி வந்தது, குங்குமம் வந்தது. மச்சம் வரவில்லை. வீடு பத்து நிமிஷ நடைதான், போய்க் கேட்டிருக்கலாம். மனைவியைப் பற்றி மனைவியிடமே கேட்பதாவது என்று ஒரு வீம்பு. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டை எழுதினேன். தனியாக எழுதுபவர்களின் விண்ணப்பத்துக்கும் ஒரு தலைமையாசிரியரின் சான்று வேண்டும். நான் நீட்டுவதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவது எங்கள் தலைமையாசிரியரின் வழக்கம். போட்டார். தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தட்டில் சோறு இல்லை. ஹால் டிக்கெட் இருந்தது.

"வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். இடது தோளின் பின்புறம் ஒரு மச்சம். வலது முழங்காலுக்கு மேல் ஒரு தழும்பு.

"இத நான் யாருகிட்டப் போய்க் காட்ட? ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் முகம், கழுத்து, முன்கைன்னு பாடம் எடுக்கிய. பொண்டாட்டிக்கு மட்டும் இப்படியா? ஹெட்மாஸ்டர் வேற இத வாசிச்சிருப்பாவ!"

"அவர் வாசிக்க மாட்டார்" என்றேன். அதனால் ஒன்றும் நிலைமை சீராகவில்லை.

"மெட்ராஸ்ல எத்தன பேரு வாசிச்சாவளோ. இந்தச் சீட்டோட நான் போக மாட்டேன். பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பிறகு வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு சுட்ட தழும்பு. "ஆறு வருசமா இந்தக் கைதான் சோறு போடுது. ஒரு நாளாவது பார்த்தியளா?"

பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதே திருத்த விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டேன். வலது முன்கையில் சுட்ட தழும்பு. மோவாய்க்குக் கீழே ஒரு மச்சம். பிழைக்கான காரணம் என்ற இடத்தில் 'எழுத்தரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அவள் தாளை வாங்கிப் படித்தாள். பேனாவையும் வாங்கி, 'எழுத்தரின்' என்பதை அடித்துவிட்டு மேலே 'கணவரின்' என்று எழுதினாள்.

"அடிச்சு எழுதினா ஓரத்துல கையெழுத்துப் போடணும்" என்றேன் பரிதாபமாக.

"போடுங்க" என்றாள். போட்டேன்.

தலைமையாசிரியர் என் முழியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அன்றைக்கென்று முழுசாகப் படித்தார். வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்றேன். "மாத்தாண்டாம் வே" என்று சிரித்தார். "மெட்ராஸ்ல இருக்கவனுக்கும் கல்யாணம் ஆயிருக்கும்லா. உடனே அனுப்பிருவான்."

உடனே வரவில்லை. பத்து நாள் ஆயிற்று. தினமும் தபாலாபீசுக்கே போய் நின்றேன். அவள் சுவரில் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டாள். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன், அந்த வெறும் சுவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் புது ஹால் டிக்கெட் வந்தது. தபால்காரரைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுத் தேர்வு மையத்தின் வாசலில் நின்றேன். அவள் விரல் நிறைய மையோடு வெளியே வந்தாள்.

"பேப்பர் எப்படி?"

"சுலபம்தான்." அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வருஷமே தேறி, பயிற்சியும் முடித்து, ஆய்க்குடிப் பக்கம் டீச்சராகவும் ஆனாள். ஆனால் அன்றைக்கு என் கவலை வேறு.

"அடையாளம் பார்த்தாவளா?"

"பார்த்தாவ. மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா கையப் பிடிச்சுப் பார்த்துட்டு, ஐயோ, எப்படிம்மா சுட்டுதுன்னு கேட்டாவ."

கொஞ்ச தூரம் நடந்தோம். முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டதை நானும் கேட்டேன்.

"எப்படிச் சுட்டுது?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"கல்யாணமான புதுசு. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு நீங்க சத்தம் போட்டிய. அவசரத்துல வடிகஞ்சி கையில கொட்டிட்டு. 'சரி சரி, சோத்தப் போடு'ன்னிய."

சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை.